கார் கண்ணாடியில் உப்புக் கறையா? வினிகர் போதும், ஆசிட் வேண்டாம்!

'காரைக் கழுவித் துடைப்பது ஆண்கள் சமாசாரம். இல்லாவிட்டால் மாதச் சம்பளத்துக்கு வந்து துடைத்துவிட்டுப் போகும் பையனின் வேலை. அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று சில சகோதரிகள் கேட்கக் கூடும். சம்பந்தம் நிறைய இருக்கிறது. இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவதும், வயதான மாமியாரை டாக்டரிடம் அழைத்துப் போவதும் பல வீடுகளில் நாம்தான். அது மட்டுமல்ல. கார் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறையும், நம் வீட்டுக் குழாயிலும் பக்கெட்டிலும் டம்ளரிலும் படிகிற கறையும் ஒரே வஸ்துதான். வீட்டுக் கறையோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டிப் பழகிய நமக்கு, கார் கறையைப் போக்குவது ஒரு பெரிய காரியமே இல்லை. சூட்சுமம் தெரிந்தால் போதும்.

கறை எங்கிருந்து வருகிறது?

சென்னைப் புறநகரில் எங்கள் பகுதியில் குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். இந்தப் போர் தண்ணீரில் துவரம்பருப்பை வேகப் போட்டால் எத்தனை விசில் வைத்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். சோப்புப் போட்டால் நுரை வராது. திரி திரியாகத் திரியும். இதைத்தான் பள்ளிப் பாடத்தில் 'கடின நீர்' என்று படித்தோம்.

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான புளிப்புத் தன்மை அடைகிறது. அந்தப் புளிப்பு, சுண்ணாம்புப் பாறைகளையும் மண்ணையும் மெல்ல மெல்லக் கரைக்கிறது. இப்படிக் கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும்தான் தண்ணீரைக் கடினமாக்குகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் காய்ந்ததும் அந்தச் சுண்ணாம்பு மட்டும் கீழே தங்கிவிடும். இந்த முறை தங்கியது மறுபடி சாதாரணத் தண்ணீரில் கரையாது. அதனால்தான் எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பொட்டு அப்படியே நிற்கிறது. கழுவக் கழுவ, அதே போர் தண்ணீர் அதன் மேலேயே இன்னொரு பூச்சு பூசிவிட்டுப் போகிறது!

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லி கிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600 உள்ள தண்ணீர் என்றால் 10 லிட்டர் வாளியில் 6 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். மூன்று வாளி ஊற்றிக் காரைக் கழுவினால் 18 கிராம். அதில் கொஞ்சம் காரிலேயே தங்கினாலும் போதாதா, பொட்டு விழ?

இந்தத் தண்ணீரால் உடம்புக்குக் கெடுதலோ என்று இளம் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். கடினத்தன்மை ஒன்றுக்காக மட்டும் உடல்நல அடிப்படையில் எந்த எல்லையையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. தொந்தரவு பாத்திரத்துக்கும் துணிக்கும் காருக்கும்தான்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று பார்க்க லாபரட்டரிக்குப் போக வேண்டியதில்லை. ஒரே மாதிரி இரண்டு பாட்டில்களில் பாதி பாதி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் சம அளவு துணி சோப்பைத் துருவிப் போட்டு மூடிக் குலுக்குங்கள். (பார் சோப்பாக இருக்க வேண்டும். சோப்புத் தூளும் ஷாம்பூவும் கடின நீரிலும் நுரைத்து நம்மை ஏமாற்றிவிடும்.) நுரைக்காமல் தயிர் திரிந்த மாதிரி இருப்பது கடின நீர்.

அழகு மட்டுமா பிரச்னை?

கார் பளபளப்பாக இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஆனால் முன் கண்ணாடி விஷயம் வேறு.

என் தங்கை மகள் தினமும் காலை எட்டு மணிக்குத் தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளியில் விடக் கிழக்குப் பார்த்து ஓட்டிப் போகிறாள். அவர்கள் அபார்ட்மென்டில் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் நேராக அவள் கார் மேல்தான் விழும். மாதக்கணக்கில் விழுந்து விழுந்து முன் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டு. நிழலில் பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. ஒரு நாள் திருப்பத்தில் வெயில் நேர் எதிரே அடித்ததும் கண்ணாடியில் பாலை ஊற்றின மாதிரி ஆகிவிட்டதாம். குறுக்கே சைக்கிளில் வந்த பள்ளிப் பையன் மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறான். நல்ல வேளை, வேகமில்லை, பிரேக் பிடித்துவிட்டாள். "பெரியம்மா, கை கால் நடுக்கம் நிக்கவே அரை மணி ஆச்சு. பின்னாடி என் பிள்ளைங்க, முன்னாடி இன்னொருத்தர் பிள்ளை" என்று போனில் சொன்னபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது.

ஒவ்வொரு பொட்டும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. அதனால் எதிர் வெயிலிலும், இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட்டிலும் கண்ணாடி மொத்தமும் பூத்துப்போகிறது. வைப்பரைப் போட்டால் அந்தச் சொரசொரப்பில் ரப்பர் தேய்ந்து, மழை நாளில் சரியாகத் துடைக்காமல் கோடு கோடாக விடும்.

ஒரு கடையில், "கண்ணாடியையே மாத்திடுங்க மேடம்" என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். மாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளுமாக உட்கார்ந்து, ஒரு பாட்டில் வினிகரை வைத்துக்கொண்டே சரி செய்துவிட்டோம்.

முதலில் கறையின் வகையைப் பாருங்கள்

கறை எல்லாம் ஒன்றல்ல. மூன்று தினுசு உண்டு.

ஒன்று, வெறும் உப்பும் தூசியும். ஈரத் துணியால் துடைத்தாலே போய்விடும்.

இரண்டு, ஒட்டிக்கொண்ட சுண்ணாம்பு. ஈரமாக இருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் மறுபடி வெள்ளையாக எழும்பும். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். இதற்குத்தான் புளிப்பு மருந்து.

மூன்று, குழி விழுந்த கறை. நாள்பட்ட கறை வெயிலில் காய்ந்து காய்ந்து, பெயின்ட்டையே அரித்துவிடும். மேலே ஒட்டியிருப்பது போன பிறகும் வட்டமாக ஒரு தடம் தெரியும். இதை எந்த வினிகராலும் போக்க முடியாது. பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடியும் வருஷக்கணக்கில் விட்டால் இப்படி அரிபடும்.

கண்ணாடிக்கு

புளி போட்டால் பித்தளைக் குத்துவிளக்கு பளிச்சிடுவது நமக்குத் தெரிந்ததுதானே? அதே தத்துவம்தான் இங்கும். புளிப்பு எதுவானாலும் சுண்ணாம்பைக் கரைக்கும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் இதற்கு மிகவும் சௌகரியம். நிறமில்லை, பிசுபிசுப்பில்லை. புளியும் எலுமிச்சையும் கூடக் கரைக்கும். ஆனால் புளி கறை பண்ணும், எலுமிச்சைச் சாறு பிசுக்கு விடும்.

தேவையானவை: வெள்ளை வினிகர் 1 கப், கேன் தண்ணீர் 1 கப், பழைய வேட்டித் துணி நான்கைந்து துண்டு, கழுவ நல்ல தண்ணீர் ஒரு வாளி, ரப்பர் கையுறை.

செய்முறை: வண்டி நிழலில் நின்று, தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசி மணலைப் போக்கிவிடுங்கள். மணலோடு தேய்த்தால் கீறல் விழும். வினிகரையும் தண்ணீரையும் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, ஜுரத்துக்கு நெற்றியில் பத்துப் போடுகிற மாதிரி கண்ணாடி மேல் ஒட்டினாற்போல் விரித்துவிடுங்கள். ஐந்து நிமிஷம். நடுவில் காய்ந்தால் மறுபடி நனையுங்கள். பெயின்ட் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் விட்டு அலம்பிவிடுங்கள். பிறகு அதே துணியால் லேசாகத் துடைத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுங்கள்.

முதல் தடவையிலேயே எல்லாம் போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிந்தது, அடுக்கடுக்காகத்தான் போகும். தங்கை மகளின் கண்ணாடிக்கு நாங்கள் நான்கு தடவை பத்துப் போட்டோம். இரண்டாம் தடவையில் ஓரங்கள் கரைந்தன. நான்காவதில் தெளிந்துவிட்டது. அழுத்தித் தேய்க்காமல், ஊறவிடுவதில்தான் இருக்கிறது வித்தை. அடிபிடித்த பாத்திரத்தை ஊறவைத்துத் தேய்க்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டுமா?

கூடவே வைப்பர் ரப்பரின் விளிம்பையும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். கண்ணாடி கழுவும் நீர் ஊற்றுகிற டப்பாவில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேன் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றினால் துளை அடைக்காது, கறையும் விழாது.

வினிகருக்கும் மசியாத கண்ணாடிக் கறைக்கு, சீரியம் ஆக்ஸைடு என்ற மிக நைஸான தூளைக் குழைத்து பாலிஷ் போடுவார்கள். அதைத் தெரிந்தவர் கையில் விடுவதே நல்லது. ஒரே இடத்தில் அதிகம் தேய்த்துவிட்டால் கண்ணாடி வழியே பார்க்கும்போது காட்சி நெளியும்.

பெயின்ட்டுக்கு

இங்கே இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கார் பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்தே ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அதில் பளபளப்புத் தருகிற மேல் பூச்சான கிளியர் கோட் ஏறக்குறைய பாதி. அதைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் மறுபடி பெயின்ட் அடிப்பது தவிர வழியில்லை.

வண்டியை முதலில் கார் ஷாம்பூ போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கதவின் அடிப்பாகத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் தொடரலாம். பெயின்ட்டுக்கு ஐந்து நிமிஷம் கூடாது. ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு நிமிஷம் போதும். ஒரு முழம் அகலத்துக்கு மேல் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். வினிகர் வண்டி மேல் காயவே கூடாது. அந்த இடத்தைத் தண்ணீர் விட்டு அலம்பித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி ஷாம்பூ போட்டுக் கழுவி, காய்ந்தபின் கார் மெழுகு பூசுங்கள். வினிகர் கறையோடு பழைய மெழுகையும் பலவீனப்படுத்தியிருக்கும். முன் கண்ணாடிக்கு மட்டும் இந்த மெழுகு வேண்டாம். வைப்பர் போட்டதும் ஈஷிக்கொண்டு மங்கும்.

இதற்குப் பிறகும் வட்டத் தடம் தெரிந்தால் அது குழி விழுந்த கறை. பாலிஷ் போடும் கடையில், வண்டி முழுவதற்கும் போடுவதற்கு முன் ஓரிடத்தில் மட்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. அதனால் கண்ணுக்கு உறுத்தாத சின்னத் தடங்களை அப்படியே விட்டுவிடுவதும் புத்திசாலித்தனமே.

பாத்திரம் தேய்க்கும் தூள், தேங்காய் நார், கம்பி நார், பிளேடு இவற்றைக் கார் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

ஆசிட் வேண்டவே வேண்டாம்

'வினிகருக்கு இவ்வளவு நேரமா? பாத்ரூம் ஆசிட் ஒரு மூடி விட்டால் ஒரே நிமிஷத்தில் போய்விடுமே' என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு போகும்தான். கூடவே அலுமினிய வீல், குரோம் பட்டை, பெயின்ட் எல்லாம் போகும்.

வண்டி போனால் போகட்டும், சகோதரிகளே. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மிச்சமிருந்த ஆசிட்டைக் காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றி மாடிப்படி அடியில் வைத்திருந்தார்கள். வெயிலில் விளையாடி வந்த ஆறு வயதுக் குழந்தை தாகத்தில் அதைத் திறந்துவிட்டது. பாட்டி பார்த்து ஓடி வந்து தட்டிவிட்டதால் பிழைத்தது. தட்டிய பாட்டியின் கையில் தழும்பு இன்றும் இருக்கிறது.

2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கவே கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. அப்படிப்பட்ட வஸ்துவைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைக்கலாமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். சாதுவான வினிகர் கூட பிளீச்சோடு சேர்ந்தால் அதே வாயுதான். எனவே ஒரே வாளியை இரண்டுக்கும் உபயோகிக்காதீர்கள். கறை நீக்கும் திரவத்தை விலைக்கு வாங்கினால் லேபிளைப் படியுங்கள். 'ஹைட்ரோஃப்ளோரிக்' என்றோ 'பைஃப்ளோரைடு' என்றோ எழுதியிருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலே ஆழமாகப் புண்ணாக்கும்.

தப்பித் தவறி ஆசிட் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே குழாயடியில் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் விடாமல் அலம்ப வேண்டும், பிறகு டாக்டர். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போன வழியெல்லாம் மறுபடி வெந்துபோகும். முறிவு என்று நினைத்து சோடா உப்போ வேறெதுவுமோ கொடுக்காதீர்கள். வாயை மட்டும் கொப்பளிக்க வைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும். வாயு நெடி ஏறினால் உடனே காற்றோட்டமான வெளி இடத்துக்குப் போய்விட வேண்டும்.

கறை வராமல் இருக்க

* காரைக் கழுவியபின் காயவிடாதீர்கள், துடையுங்கள். தண்ணீர் தானாகக் காய்ந்தால்தான் கறை. மெழுகு பூசிய வண்டிக்கும் இதுவே விதி. மைக்ரோஃபைபர் துணி உத்தமம். நைந்த வேட்டித் துணியும் மோசமில்லை.

* அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ கழுவுங்கள். பானெட் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

* ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை 'வீணாகிறதே' என்று பிடித்துக் கார் கழுவுகிறோம். அது போர் தண்ணீரைவிடக் கடினம்; நல்ல தண்ணீரைப் பிரித்தபின் மீந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. டாய்லெட் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

* ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வந்தது. கடைசி அலம்பலுக்கு அருமையானது. மழைநீரும் அப்படியே. 2003-லிருந்து நம் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். மொட்டை மாடி நீரில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால் கண்ணாடிக்கு ஆகும்.

* மாடித் தொட்டி வழியும் இடத்திலும், பால்கனிச் செடிக்கு ஊற்றும் தண்ணீர் சொட்டும் இடத்திலும் வண்டியை நிறுத்தாதீர்கள். தொட்டிக்குள் மிதவை வால்வு போட்டால் தண்ணீர் மிச்சம். தங்கை மகள் அபார்ட்மென்டில் இப்போது போட்டுவிட்டார்கள்.

மிச்ச வினிகர் எங்கே உதவும்?

கண்ணாடி டம்ளர், ஸ்டீல் குழாய், ஷவர் துளை எல்லாவற்றுக்கும் இதே பத்து போதும். பால் பாட்டிலைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால், சிறிது வினிகரும் தண்ணீரும் விட்டு அரை மணி ஊறவைத்து, நன்றாக அலம்பிவிடுங்கள். ஆனால் மார்பிள், மொசைக், கடப்பா மேடை இவற்றில் வினிகரோ எலுமிச்சையோ படக் கூடாது. அவற்றில் இருப்பதும் சுண்ணாம்புதான். கறையோடு கல்லும் கரைந்து பளபளப்புப் போய்விடும். மேல் பூச்சுள்ள மூக்குக் கண்ணாடிக்கும் இது ஆகாது.

ஒரு பாட்டில் வினிகர், நாலு துண்டுப் பழந்துணி, ஒரு மணி நேரப் பொறுமை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வண்டியின் முன் கண்ணாடியை வெயிலுக்கு எதிரே நின்று ஒரு தடவை பாருங்கள். பொட்டு தெரிந்தால் திங்கட்கிழமை பள்ளிக்குக் கிளம்புவதற்குள் பத்துப் போட்டுவிடுங்கள்.